ஒட்டிக்கொண்ட ராடும் கறுத்துப்போன லக்கும்

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை வெல்டிங் மெஷின் ஒன்றை 12 வருடமாக வீட்டில் வைத்து ஓட்டுகிறேன். தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் உள்ளே கெட்டுப்போக அதிகம் எதுவும் கிடையாது: இரும்பு கோர், அதில் சுற்றிய இரண்டு வைண்டிங் (கம்பிச் சுருள்), ஆம்பியரைக் கூட்டிக் குறைக்க ஒரு கைச்சக்கரம், ஒரு ஃபேன்.

போன வருடம் வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பற்றினாலும் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) திக்கித் திணறும். ராடில் ஈரம் என்று நினைத்துக் காயவைத்தேன், பலனில்லை. அப்புறம் வைண்டிங் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். சரி, அளந்துதான் பார்ப்போமே என்று மல்டிமீட்டரை வைத்தால், லோடு இல்லாமல், அதாவது வெல்டிங் வைக்காதபோது, 68 வோல்ட். நான் போடும் 6013 வகை ராடுக்கு இது தாராளம். மெஷின் ஒழுங்காகத்தான் கொடுக்கிறது, வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது.

லோடு இல்லாத அளவு இங்கேதான் ஏமாற்றும்; கரண்ட் ஓடும்போதுதான் இழப்பு தெரியும். மீட்டரின் ஒரு கிளிப்பை மெஷினின் அவுட்புட் போல்டிலும் இன்னொன்றை லக்குக்கு (கேபிள் நுனியில் போல்டில் மாட்டும் உலோக வளையம்) பின்னால் கேபிளின் செம்பிலும் மாட்டி, பலகை மறைவில் உட்கார்ந்துகொண்டு மகனை வெல்டிங் வைக்கச் சொன்னேன். ஏறக்குறைய 3 வோல்ட்! அங்கே மில்லிவோல்ட் கணக்கில்தான் காட்ட வேண்டும். 90 ஆம்பியரில் 3 வோல்ட் என்றால் அந்த ஒரு இணைப்பில் மட்டும் 270 வாட் சூடு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றினேன். லக் கறுத்து, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. கேபிள் உறை தொட்டாலே நொறுங்கியது. உள்ளே செம்பு இழைகளில் பாதி அறுந்து, மீதியில் பச்சைக் களிம்பு. பளபளப்பான செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டி, புது லக்கை அழுத்தி, போல்டை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினேன். வெல்டிங் வைக்கும் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்பிலும் இதே கதைதான்.

திறந்த கையோடு உள்ளே தூசியையும் ஊதினேன். கிரைண்டர் பறக்கவிட்ட இரும்புத்தூள் அது, கரண்டைக் கடத்தும். பிறகு வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்தேன். 40 மெகா ஓம். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டியிருந்தால் பிளக்கையே சொருகியிருக்க மாட்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. 2.5 மி.மீ. ராடு 80 ஆம்பியரிலேயே உரசியதும் பற்றுகிறது. கோர் மட்டும் இன்னும் கடகடவென்று அதிர்கிறது. கிரீஸ் வைத்தும் அடங்கவில்லை. 7018 வகை ராடும் இதில் சண்டித்தனம்தான் செய்கிறது. ஏசி கரண்டில் அதற்கு 70 வோல்ட்டாவது வேண்டும், இந்தக் கிழவனிடம் அது இல்லை.