டர்பன் பக்கம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைய மாத்தப்போறவங்களுக்கு: தகரமா, நியூடெக்கா, ஓடா?

சாட்ஸ்வொர்த்ல 1960கள்ல கவுன்சில் கட்டிக்குடுத்த வீடுங்கள்ல ஏகப்பட்டதுல இன்னமும் அதே சாம்பல் கலர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான் மேல கெடக்கு. அறுபது வருஷம் வெயிலும் மழையும் தின்னு மேல்பக்கம் பாசி புடிச்சு சொரசொரன்னு ஆயிருக்கும், ஸ்க்ரூ போட்ட எடத்துல விரிசல் விட்டிருக்கும். இப்ப எல்லாரும் தகரம், நியூடெக் (ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்ட் ஷீட்), ஓடுன்னு ஏதோ ஒண்ணா மாத்துறாங்க. கேக்குற கேள்வி மட்டும் எப்பவும் ஒண்ணுதான், "எது பெஸ்ட், மீட்டருக்கு எவ்ளோ?"

அந்தக் கேள்விய ரெண்டாவதா வச்சுக்கோங்கன்னு சொல்லுவேன். மொதல்ல பாக்கவேண்டியது, வீடு கடல்லேருந்து எவ்ளோ தூரம், கூரைக்கு அடியில இருக்குற மரச்சட்டம் எவ்ளோ கனம் தாங்கறதுக்காக போட்டது. இந்த ரெண்டும் தெரிஞ்சா முக்காவாசி முடிவு தானா வந்துரும், கடைக்காரர் காட்டுற கலர் கார்டு எல்லாம் அப்புறம்.

பழசை எறக்குற செலவுலதான் எல்லா கணக்கும் கொழம்புது

மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்குறீங்க, ஒண்ணு மட்டும் ரொம்ப கம்மியா இருக்கு. பெரும்பாலும் அதுல ஆஸ்பெஸ்டாஸ் எறக்குறது சரியா சேர்க்கலன்னு அர்த்தம். தென்னாப்பிரிக்கால 2008ல ஆஸ்பெஸ்டாஸ் தயாரிக்கிறது, எறக்குமதி, புதுசா யூஸ் பண்றது எல்லாத்தையும் தடை பண்ணிட்டாங்க, ஆனா ஏற்கெனவே கூரையில இருக்குறத பிடுங்கியே ஆகணும்னு சொல்லல. அது உடையாம, நல்ல நெலைமையில சும்மா கெடந்தா ஒடனே பயப்பட ஒண்ணுமில்ல. அதை ஒடச்சா, ட்ரில் போட்டா, தேய்ச்சா, ஹை பிரஷர் தண்ணி அடிச்சு கழுவுனா நார் காத்துல கெளம்பும், அது நுரையீரலுக்குள்ள போச்சுன்னா இருபது முப்பது வருஷம் கழிச்சு மீசோதீலியோமா மாதிரி கேன்சரா வந்து நிக்கலாம். ப்ரீஸ்கா, குருமான் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்துல வேல செஞ்சவங்களுக்கும் அந்த ஊர்க்காரங்களுக்கும் என்ன ஆச்சுன்னு இந்த நாட்டுக்கு நல்லாவே தெரியும்.

அதனால 2020 நவம்பர்ல வந்த ஆஸ்பெஸ்டாஸ் அபேட்மெண்ட் ரெகுலேஷன்ஸ் படி முழுக்கூரைய எறக்குற வேலைய லேபர் டிபார்ட்மெண்ட்ல ரெஜிஸ்டர் பண்ண கான்ட்ராக்டர்தான் செய்யணும். அவங்க முன்கூட்டியே டிபார்ட்மெண்டுக்கு தகவல் குடுக்கணும், ஷீட்ட முழுசா எறக்கி பிளாஸ்டிக்ல சுத்தி லேபிள் ஒட்டி, லைசென்ஸ் இருக்குற எடத்துலதான் கொட்டணும். வேல முடிஞ்சதும் க்ளியரன்ஸ் சர்டிஃபிகேட், குப்பைய சரியா கொட்டுனதுக்கான சர்டிஃபிகேட், ரெண்டு பேப்பரும் கையில வாங்கி வீட்டுப் பத்திரத்தோட வைங்க, நாளைக்கு விக்கும்போது வாங்குறவர் கேப்பாரு. பக்கில (பிக்-அப் வண்டியில) ஏத்தி ராத்திரியோட ராத்திரியா உம்ஹ்லாட்டுசானா ஆத்தங்கரையில கவுத்துட்டுப்போற ஆளுங்களும் இருக்காங்க, அந்த சீப் கொட்டேஷன் அவங்களோடதா இருக்கலாம்.

எறக்காமயே தப்பிக்க ரெண்டு வழி சொல்லுவாங்க. ஒண்ணு, சீலர் பெயிண்ட் அடிக்கிறது. ஷீட் இன்னும் கெட்டியா இருந்தா, கழுவுறேன்னு பிரஷர் மெஷின எடுக்காத ஆளா இருந்தா, சில வருஷம் ஓட்டலாம், ஆனா விரிசல் விட்ட ஷீட்டுக்கு பெயிண்ட் மருந்து கெடையாது. இன்னொண்ணு, பழசுக்கு மேலயே புது தகரத்த வச்சு ஸ்க்ரூ அடிக்கிறது. இது எனக்கு சுத்தமா புடிக்காது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஆஸ்பெஸ்டாஸ துளைச்சுட்டுத்தான் போகுது, கீழ மரம் எப்படி இருக்குன்னும் பாக்க முடியாது, நாளைக்கு எறக்கணும்னா ரெட்டை வேல.

தகரம் vs நியூடெக், உண்மையான போட்டி இதுதான்

பிக் சிக்ஸ்ங்கற பெரிய அலை வடிவ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 15, 16 கிலோ. ஸ்டீல் ஐபிஆர் ஷீட் (பொட்டி வடிவத்துல மடிச்ச தகரம்) 0.5 மில்லின்னா 5 கிலோ சொச்சம். நியூடெக்குங்கறது எவரைட் கம்பெனி ஆஸ்பெஸ்டாஸ விட்டுட்டு செல்லுலோஸ் நார் போட்டு செய்யுற ஃபைபர் சிமெண்ட், அதே பிக் சிக்ஸ் வடிவத்துல வருது, கனமும் கிட்டத்தட்ட பழசு மாதிரியேதான். அப்ப பழைய மரச்சட்டம் நல்லா இருந்தா நியூடெக் அப்படியே போய் உக்காந்துரும், தகரமும் தாங்கும்.

பின்ன எதுல வித்தியாசம்? மொதல்ல உப்புக்காத்து. மியர்பேங்க், ப்ளஃப், இசிபிங்கோ பீச் பக்கம் இருக்குறவங்களுக்கு சாதா கால்வனைஸ்டு (ஜிங்க் பூசுன) ஷீட் சொந்தக்காரன் மாதிரி தங்காது, வந்த ஒடனே துரு புடிச்சு கெளம்பப் பாக்கும். கடல்லேருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளன்னா ஸ்டீல் ஷீட்டோட வாரண்டி பேப்பர படிச்சுட்டு அப்புறம் காசு எடுங்க, தூரத்த வச்சு வாரண்டி கொறையும், சிலதுல கெடைக்கவே கெடைக்காது. அங்க நியூடெக்கோ அலுமினியமோதான் என் ஓட்டு. அலுமினியம் வெல கடிக்கும், ஆனா துரு கெடையாது. அதுக்கு சாதா இரும்பு ஸ்க்ரூ மட்டும் போட விட்டுறாதீங்க, ரெண்டு உலோகம் சேர்ற எடத்துல உப்பு ஈரம் பட்டா அரிச்சுரும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மாதிரி கொஞ்சம் உள்ள தள்ளி இருக்குறவங்களுக்கு கலர் கோட்டிங் போட்ட ஸ்டீல் தாராளமா ஆகும். ஷீட் வாங்கும்போது "க்ரோமாடெக் தானே"ன்னு பிராண்ட் பேர மட்டும் கேட்டுட்டு வந்துராதீங்க, அடியில இருக்குற கோட்டிங் என்னன்னு கேளுங்க. இஸட் 275ன்னா ரெண்டு பக்கமும் சேத்து சதுர மீட்டருக்கு 275 கிராம் ஜிங்க், இஸட் 200ன்னா 200 கிராம். ஏஇஸட் 150ங்கறது அலுமினியம்-ஜிங்க் கலவை, நம்பர் சின்னதா இருந்தாலும் அது மட்டம் இல்ல, வேற ஜாதி. அப்புறம் 0.5 மில்லிங்கறது பெயிண்ட்டோட சேத்தா, வெறும் ஸ்டீலான்னும் கேளுங்க, இந்த ஒரு கேள்விக்கே சில சேல்ஸ்மேன் முழிப்பாங்க.

நம்ம வீடுங்கள்ல யாரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு. கீசர் ஓவர்ஃப்ளோ காப்பர் பைப் கூரை மேல சொட்டுதுல்ல, ஆஸ்பெஸ்டாஸ்க்கு அது ஒண்ணும் பண்ணல, ஆனா காப்பர் பட்டு வர்ற தண்ணி ஜிங்க்கையும் அலுமினியத்தையும் ஓட்டை போட்டுரும். தகரம் போடுறதுக்கு முன்னாடியே அந்தப் பைப்ப பீலிக்கோ தரைக்கோ திருப்பிவிடச் சொல்லிருங்க.

சத்தமும் சூடும் பத்தி சொல்லணும்னா நியூடெக்தான் ஜெயிக்கும். பிப்ரவரி மழை தகரத்துல அடிச்சா டிவி கேக்காது, ஆயா ஃபோன்ல பேசுறது பக்கத்து ரூமுக்கும் கேக்குற அளவுக்கு கத்துவாங்க. ராத்திரி குளிர்ல தகரத்துக்கு அடிப்பக்கம் வேர்த்து சீலிங் மேல சொட்டவும் செய்யும். இதுக்கு மருந்து இருக்கு, ஷீட்டுக்கு அடியில ஃபாயில் அண்டர்லே, சீலிங் மேல 135 மில்லி ஏரோலைட் (சூட்டத் தடுக்குற மெத்தை). இந்தக் காச சேக்காம தகரம் சீப்புன்னு சொல்றவர நம்பாதீங்க. எல்லாரும் சார்க்கோல் கலர்தான் கேக்குறாங்க, பாக்க ஸ்டைலா இருக்கும், டர்பன் வெயிலுக்கு வெளிர் கலர்தான் உள்ள இருக்குறவங்களுக்கு நல்லது.

நியூடெக்கோட பலவீனம் ஒடையுறது. டிஷ் மாட்ட வர்றவன் பர்லின் (ஷீட்ட தாங்குற குறுக்குக் கட்டை) மேல கால் வைக்காம நடுவுல மிதிச்சா போச்சு, ஆளும் கீழ வந்துருவான். அதோட நெறைய டீம் இப்ப தகரமே போட்டுப் பழகிட்டாங்க, ஃபைபர் சிமெண்ட் நல்லா போடத்தெரிஞ்ச கை கம்மி. சோலார் போடுற ஐடியா இருந்தா தகரம் பக்கம் சாயலாம், அதுலயும் க்ளிப்-லாக் ஷீட்டுன்னா மேல ஓட்டையே போடாம க்ளாம்ப்புலயே பேனல் நிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் மேல சோலார் போடுற நெனப்பே வேண்டாம், ட்ரில் பண்ணாம முடியாது.

ஓடு

காங்க்ரீட் ஓடு அழகு, அமைதி, உப்புக்கு கவலையில்ல. ஆனா சதுர மீட்டருக்கு 45லேருந்து 55 கிலோ. 60 சதுர மீட்டர் கூரைக்கு கணக்கு போட்டா மூணு டன், இப்ப மேல இருக்குறது ஒரு டன்தான், தகரம்னா 300 கிலோ. ஆஸ்பெஸ்டாஸ்க்காக போட்ட மரத்துல அதை ஏத்துனா வளையும், சுவத்துலயும் விரிசல் வரும். சுமார் 32 சென்டிமீட்டருக்கு ஒரு பேட்டன் (ஓடு உக்கார்ற குறுக்குக் கட்டை) வேற புதுசா அடிக்கணும். சாய்வும் ஒத்துவரணும், அண்டர்லே போட்டாலும் 17 டிகிரிக்கு கீழ காங்க்ரீட் ஓடு ஆகாது, ஐபிஆர் தகரத்துக்கு 5 டிகிரி போதும். ட்ரஸ்ஸையே (கூரைய தாங்குற மரச்சட்டத்தையே) மாத்தி, இன்ஜினியர் கையெழுத்து வாங்கி, முனிசிபாலிட்டில ப்ளான் குடுத்து செய்யுற அளவுக்கு காசு இருக்குறவங்க தாராளமா செய்யுங்க. ஓட்டு லுக் மட்டும் வேணும்னா கல்லுத்தூள் ஒட்டுன ஸ்டீல் டைல் இருக்கு, கனமில்ல, ஆனா அதுவும் உள்ள ஸ்டீல்தான், மேல சொன்ன உப்புக்கதை அதுக்கும் பொருந்தும்.

ஒட்டு வீடு இருந்தா மொதல்ல பக்கத்து வீட்டு அக்காகிட்ட பேசுங்க

செமி டிட்டாச்டு வீடுங்கள்ல ஒரே ஷீட் பொதுச்சுவரு தாண்டி அந்தப்பக்கமும் கொஞ்சம் போயிருக்கும். உங்க பாதிய மட்டும் மாத்தணும்னா அந்த ஷீட்ட அறுக்கணும், கிரைண்டர் போட்டு ஆஸ்பெஸ்டாஸ அறுக்குறதுதான் இருக்குறதுலயே மோசமான காரியம். சரி, முழு ஷீட்டா கழட்டி ஜாயிண்ட்ட சரிபண்ணலாம்னா, அலை வடிவ பழசும் பொட்டி வடிவ ஐபிஆரும் ஒண்ணுக்கொண்ணு உக்காராது, ப்ளாஷிங் (இடைவெளிய மூடுற பட்டை) வச்சு ஒட்டணும், லீக் ஆரம்பிக்கிறதும் அங்கதான், அப்புறம் யாரு காரணம்னு ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோன கதை ஒவ்வொரு ஏரியாவுலயும் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து ஒரே நேரத்துல மாத்துனா ஆஸ்பெஸ்டாஸ் டீம் ஒரு தடவை வந்தா போதும், செலவும் பிரியும். அந்தப்பக்கம் காசு இல்லன்னா நியூடெக் பிக் சிக்ஸ் யோசிங்க, பழைய வடிவத்தோட ஒத்துப்போறதால ஜாயிண்ட் தலைவலி கொறையும். அந்த ஒரு காரணத்துக்காகவே சிலருக்கு அதுதான் சரி.

காத்து

2024 ஜூன் 3ஆம் தேதி டர்பனுக்கு வடக்க டொங்காட் பக்கம் அடிச்ச டொர்னேடோவுல கூரைங்க பறந்தத பாத்தவங்களுக்கு விளக்க வேண்டாம். லேசான கூரைய காத்து மேல தூக்கும், அதனால கட்டு ஆழமா வேணும். கட்டட விதிப்படி கனமான கூரைக்கு சுவத்துக்குள்ள 300 மில்லி எறங்குற ஆங்கர் (கூரைய சுவத்தோட கட்டுற கம்பி) போதும், லேசான கூரைக்கு 600 மில்லி. ஆஸ்பெஸ்டாஸ்லேருந்து தகரத்துக்கு மாறுறவங்க "பழைய கம்பி இருக்கு மாமா, போதும்"னு சொல்றத ஏத்துக்காதீங்க. டொர்னேடோவ எதுவும் நிறுத்தாது, ஆனா ஆகஸ்ட் காத்துக்கே ஷீட் படபடன்னு அடிக்குதுன்னா அது கட்டுனவன் தப்பு.

கூரை தொறந்திருக்கும்போதே மரத்தையும் பாத்துருங்க. பீட்டில், கரையான் தின்ன சட்டத்த ட்ரீட் பண்ண மரமா மாத்துங்க, குவாசுலு-நடால் கடற்கரைப் பக்கம் வீடு விக்கும்போது பீட்டில் சர்டிஃபிகேட் வழக்கமா கேக்குறாங்க.

எப்ப பண்றது? மே முதல் ஆகஸ்ட் வரைக்கும், மழை கொறைஞ்ச காலம். நம்மாளுங்க தீபாவளிக்கு வீடு புதுசா இருக்கணும்னு செப்டம்பர்ல ஆரம்பிப்பாங்க, மழை தொடங்கிரும், கான்ட்ராக்டர் நாலு எடத்துல கால் வச்சிருப்பாரு, அப்புறம் டிசம்பர் நடுவுல பில்டர்ஸ் ஹாலிடே வந்து ஜனவரி வரைக்கும் ஆளே கெடைக்காது, தார்பாய் போட்டுக்கிட்டு காவடிக்கு விரதம் இருக்கணும்.

காசு குடுக்குறதுல, ஆஸ்பெஸ்டாஸ் எறக்குறதுக்கு தனி லைன், மரத்துக்கு தனி, ஷீட்டுக்கு தனி, அண்டர்லே, ஸ்க்ரூ, ப்ளாஷிங், பீலி எல்லாம் எழுத்துல, 15 சதவீத வாட் சேத்தா இல்லையான்னும் எழுதச்சொல்லுங்க. ஷீட் ஆர்டருக்கு டெபாசிட் கேப்பாங்க, அது நியாயம்தான், முடிஞ்சா அந்தத் தொகைய நேரா ஷீட் கம்பெனிக்கே கட்டிருங்க. கடைசித் தவணைய வேல முடிஞ்ச அன்னிக்கு குடுக்காதீங்க, ஒரு பெரிய மழை பெஞ்சு சீலிங் காஞ்சு இருக்கான்னு பாத்துட்டு குடுங்க, இதையும் மொதல்லயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுருங்க.