கூலிய வாஷிங்டன் முடிவு பண்ணணுமா, மாநிலமா?

அமெரிக்காவுல குறைஞ்சபட்ச கூலின்னு பேச்செடுத்தாலே ரெண்டு கட்சிதான். டெமாக்ரட் ஆளுங்க நாடு முழுக்க ஏத்தணும்பாங்க, ரிபப்ளிகன் ஆளுங்க அந்தந்த மாநிலம் பாத்துக்கட்டும்பாங்க. ஃபெடரல் ரேட்டு, அதாவது வாஷிங்டன்ல இருக்குற மத்திய அரசு நாடு முழுக்க வச்ச அடிமட்ட கூலி, மணிக்கு 7.25 டாலர், 2009ல வச்சது, விலைவாசி எங்கயோ போயிடுச்சு ஆனா இது அப்படியே நிக்குது.

மாநிலத்துகிட்ட விட்டா என்னாகுதுன்னா, கலிஃபோர்னியால 2024லயே 16 டாலர், டெக்சாஸ்ல அதே 7.25, மிசிசிப்பில மாநில சட்டமே கிடையாது. ஆனா வாடகையும் அப்படித்தான ஊருக்கு ஊரு மாறுது, அதனால ரிபப்ளிகன் வாதத்த சும்மா தள்ளிடவும் முடியல.

சரி, நாடு முழுக்க எல்லாருக்கும் 15 டாலர் ஆக்குனா? 2021ல காங்கிரஸோட (அமெரிக்க நாடாளுமன்றம்) பட்ஜெட் ஆபீஸ் கணக்கு போட்டுச்சு, 9 லட்சம் பேர் வறுமைலருந்து வெளிய வருவாங்க, 14 லட்சம் வேலை போகும்னு. ரெண்டு பக்கமும் தனக்கு வேண்டிய பாதிய மட்டும் தூக்கிட்டு சண்டைக்கு வர்றாங்க (செம காமெடி). கடைசில அந்த 15 டாலர் திட்டம் மேல்சபையான செனட்ல 58-42ன்னு தோத்துச்சு, டெமாக்ரட் அணியிலயே 8 பேர் எதிர்த்து ஓட்டு.

ஆனா 2020ல ட்ரம்ப்புக்கு ஜெயிக்க ஓட்டு போட்ட அதே ஃப்ளோரிடா அதே நாள்ல 15 டாலருக்கும் 60 சதவீதத்துக்கு மேல ஓட்டு போட்டுச்சு! என்னைய கேட்டா அடிமட்டத்த வாஷிங்டன் கொஞ்சமாவது ஏத்தணும், அதுக்கு மேல மாநிலம் பாத்துக்கட்டும்.