தோற்ற கிளர்ச்சியாளர்களுக்கு மன்னிப்பா, தண்டனையா?

தில்லி ஆர்.கே. புரத்தில் நாங்கள் நடத்திவரும் தமிழ் வாசிப்பு வட்டத்தில், உள்நாட்டுப் போரில் தோற்றவர்களை வென்றவர் என்ன செய்ய வேண்டும் என்ற விவாதம் எழுந்தபோது நான் மன்னிப்பின் பக்கம் நின்றேன். அதற்கான காரணங்களை இங்கே விரித்து எழுதுகிறேன்.

தண்டனைக்கான வாதம் எல்லோரும் அறிந்ததே: குற்றவாளி தப்பினால் சட்டத்துக்கு மதிப்பில்லை, பாதிக்கப்பட்டவருக்கும் நீதியில்லை. ஆனால் வென்றவர் கையில் தண்டனை அளவோடு நிற்பது அரிது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசு அரசை எதிர்த்து வென்ற தளபதி பிராங்கோ 1939 பிப்ரவரியில் கொண்டுவந்த சட்டம், 1934 அக்டோபர் முதலான செயல்களைக் கணக்கில் எடுத்து, குடியரசை ஆதரித்ததையே குற்றமாக்கிச் சொத்துகளைப் பறித்தது. அக்காலத்தில் சுட்டுப் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளைப் பேரப்பிள்ளைகள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மன்னிப்பு நிலைக்குமா என்பதை முடிவுசெய்வது, என் கணிப்பில், தோற்றவன் ஊர் திரும்பி எதைக் கொண்டு பிழைப்பான் என்ற ஒரே கேள்விதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1865 ஏப்ரல் 9 அன்று அப்பமாட்டாக்ஸ் என்ற ஊரில் சரணடைந்த தென்மாநிலத் தளபதி லீ, தம் வீரர்களின் குதிரைகள் அவர்களுடைய சொந்தக் குதிரைகள் என்பதை எடுத்துச் சொன்னார். அவர்களில் பலர் சிறு விவசாயிகள் என்பதையும், உழுது விதைக்காவிட்டால் குடும்பங்கள் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம் என்பதையும் உணர்ந்த வடபடைத் தளபதி கிராண்ட், குதிரையோ கோவேறு கழுதையோ தன்னுடையது என்று சொல்பவர் அதை ஓட்டிச் செல்லலாம் என்றார். பசியோடிருந்த அந்தப் படைக்கு 25,000 பேருக்கான உணவும் கொடுக்கச் செய்தார். நைஜீரியாவில் 1970 ஜனவரியில் தனிநாடாகப் பிரிந்து போரிட்ட, இக்போ மக்கள் மிகுந்த பயாஃப்ரா பணிந்தபோது, வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று நாட்டின் தலைவர் கோவோன் அறிவித்தது பெருந்தன்மைதான். ஆயினும் போருக்குப் பின் பலருக்கு வங்கியில் போட்டிருந்த பணத்துக்கு ஈடாக 20 பவுண்டு மட்டுமே கிடைத்தது. போர்ட் ஹார்கோர்ட்டில் விட்டுச்சென்ற வீடுகளும் பலருக்குத் திரும்பவில்லை. இக்போ மக்களின் மனத்தாங்கல் இன்னும் ஆறாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இங்கே தில்லியில் 1986 ஜூன் 30 அன்று கையெழுத்தான மிசோரம் கிளர்ச்சியாளர்களுடனான மிசோ ஒப்பந்தத்தையும் சொல்ல வேண்டும். அவர்களைத் தோற்றவர்கள் என்று கூறிவிட முடியாது. ஆனாலும் ஆயுதத்தைக் கீழே வைப்போரின் மறுவாழ்வு அதிலேயே எழுதப்பட்டிருந்தது.

என் தரப்பின் பலவீனமும் அமெரிக்காவில்தான் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு வடபடைத் தளபதி ஷெர்மன் 1865 ஜனவரியில் ஒதுக்கிய கடலோர நிலங்களை, அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் தாம் மன்னித்த பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக முடிந்த அந்த மன்னிப்பை நான் ஆதரிக்கமாட்டேன். ஏறத்தாழ 13,000 கைதிகள் மாண்ட தென்மாநிலத்தாரின் ஆண்டர்சன்வில் போர்க்கைதி முகாமின் தலைவன் விர்ஸைத் தூக்கிலிட்டதையும் எதிர்க்கமாட்டேன். ஆனால் மேலிடத்து ஆணைக்குப் பணிந்தவனை எந்தப் படிக்குக் கீழே மன்னிப்பது என்று கேட்டால், போரில் யாரையும் பறிகொடுத்திராத நான் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.