ஒரே கம்பத்தில் எல்லாம்: வீட்டு வானிலை நிலையமும் மழைக்கணக்கும்

தாம்பரத்துக்குத் தெற்கே புதுவீடு கட்டிக் குடிபோயிருக்கும் நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும் அதே வெதர் ஸ்டேஷன் இப்போது தள்ளுபடியில் வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அதன் மழைமானியைப் பழுதுபார்த்து மீண்டும் கம்பத்தில் ஏற்றிய வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்ததால், ஒரு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, ஈரப்பதம், மழை ஆகிய அனைத்துக்குமான உணரிகளையும் ஒரே உடலில் அடக்கி, அதைக் கம்பத்தின் உச்சியில் பொருத்தச் சொல்லும் வகையைச் சேர்ந்தது இது. காற்றழுத்த உணரி மட்டும் வீட்டுக்குள் வைக்கும் திரையோடு சேர்ந்திருக்கிறது. என் மொட்டைமாடியில் சில வடகிழக்குப் பருவமழைகளைப் பார்த்துவிட்ட கருவி. நான் சொல்லப்போவது பெரும்பாலும் மழையைப் பற்றித்தான். சென்னைப் பக்கம் இருக்கும் வானிலை ஆர்வலர் இப்படியொரு கருவிக்குப் பணம் செலவழிப்பதே அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையைக் கணக்கெடுக்கத்தான்.

மழைமானியின் அமைப்பு எளிமையானது. மேலே ஒரு புனல். அதனடியில், நடுவே தடுப்பு வைத்து, சீசா பலகை போல இருபுறமும் சாயும் சிறு பிளாஸ்டிக் கிண்ணம். ஒரு பாதி நிரம்பியதும் அது சாய்ந்து நீரைக் கொட்டும், மறுபாதி புனலுக்கு நேராக வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்விலும் கிண்ணத்தில் பதித்த காந்தம் ஒரு ரீட் ஸ்விட்சை, அதாவது காந்தம் அருகே வந்தால் இயங்கும் சிறு மின்சுவிட்சை, கடந்து போகிறது. அதைத்தான் கருவி 0.3 மி.மீ. மழை என்று எண்ணிக்கொள்கிறது. என்னுடையதில் புனலின் விட்டம் 12 செ.மீ., பரப்பு ஏறத்தாழ 113 சதுர செ.மீ. ஆகவே ஒரு சாய்வு என்பது சுமார் 3.4 மி.லி. தண்ணீர், ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. இத்தனை சிறிய அளவுகளைக் கூட்டிக் கூட்டி ஒரு புயல் நாளின் மழையைச் சொல்ல வேண்டிய பொறி சுத்தமாக இருக்க வேண்டும், மட்டம் பிசகாமல் இருக்க வேண்டும், ஆடாமல் இருக்க வேண்டும். கம்பத்தின் உச்சியில் இந்த மூன்றில் ஒன்றும் நீடிப்பதில்லை.

கோடை முடிந்து புனலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். பக்கத்து மனைகளிலிருந்து பறந்து வந்த செம்மண் தூள் கிண்ணத்தின் இரு பாதிகளிலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். வேப்பம்பூவும் காகத்தின் எச்சமும் சேர்ந்து இறுகிப் புனலின் துளையில் அடைத்திருக்கும். அந்தத் துளை தீக்குச்சி நுழையும் அகலம்தான். கிண்ணம் சாயும் அச்சில் சிலந்தி வலை கட்டியிருக்கும். ஒரு அக்டோபர் மாலையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும்படி மழை கொட்டித் தீர்த்தபோது, திரையில் 0.6 மி.மீ. என்றிருந்தது. மழை ஓய்ந்து நட்சத்திரங்கள் தெரியத் தொடங்கிய பிறகு, அடைப்பின் வழியாகப் புனலில் தேங்கிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை 0.3, 0.3 என்று நள்ளிரவு வரை கூடிக்கொண்டே போனது. புனல் நிரம்பி வழிந்து போன தண்ணீர் எந்தக் கணக்கிலும் இல்லை. இதற்கு நேர்மாறாக, ஜூன், ஜூலை மாதங்களின் மேற்குக் காற்றில் கம்பம் அதிரும்போது, ஒரு துளி விழாத நாளிலும் 0.3 மி.மீ. பதிவாகிவிடும். கம்பத்துக்கு மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிய பிறகு இந்தத் தொல்லை குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை.

துடைத்து வைப்பதற்கு நான் சலிப்பதில்லை, எந்த மழைமானிக்கும் அந்தப் பராமரிப்பு தேவைதான். என்னைக் கோபப்படுத்துவது வடிவமைப்பிலேயே இருக்கும் முரண். காற்றை அளக்கத் தடைகள் இல்லாத வெளியில் 10 மீட்டர் உயரம் வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் விதி. வெப்பமானி நிழற்கூண்டுக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் வானிலை ஆய்வுத் துறையின் சாதாரண மழைமானியின் விளிம்போ தரைக்கு மேல் ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும், உயரம் கூடக் கூடக் காற்று பலத்து, துளிகளைப் புனலின் வாய்க்கு மேலாகவே அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான் அது தரையை ஒட்டி வைக்கப்படுகிறது. மூன்று உயரங்களில் இருக்க வேண்டியவற்றை ஒரே உடலில் ஒட்டிவிட்டால், காற்றுக்குச் சாதகமான இடம் மழைக்குப் பாதகமாகத்தான் முடியும். வீட்டுத் தோட்டத்தில், சுவரிலிருந்து தள்ளி, நானே அளவு பார்த்து எழுதும் கைக்கணக்கு மழைமானி ஒன்றையும் வைத்திருக்கிறேன். காற்றில்லாமல் நேராகப் பெய்யும் மழையில் இரண்டும் நெருங்கி வருகின்றன. காற்றோடு கூடிய மழையில் மாடியில் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்தே சொல்கிறது. புயலும் காற்றழுத்தத் தாழ்வுமண்டலமும்தானே நமக்குப் பெருமழையைக் கொண்டுவருகின்றன; சரியாகச் சொல்ல வேண்டிய நாட்களில்தான் இது தவறுகிறது.

இந்த முறை பழுதானது ரீட் ஸ்விட்ச். கிண்ணம் சாய்கிறது, திரையில் எண் ஏறவில்லை. விற்றவர்களிடம் கேட்டதற்கு, மழை உணரியைத் தனியாகத் தருவதில்லை, வெளியே இருக்கும் முழு அலகையும் வாங்க வேண்டும் என்றார்கள். அதன் விலை மொத்தக் கருவியின் விலையில் பாதிக்கும் மேல். கடைத்தெருவில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், தேநீர் செலவுக்குச் சமமான தொகையில் புது ஸ்விட்சை வைத்துப் பற்றவைத்துத் தந்தார். பொருத்திய பிறகு, அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் 339 மி.லி. தண்ணீர் ஊற்றி, புனலில் மெதுவாகச் சொட்டவிட்டுப் பார்த்தேன். அது 30 மி.மீ. மழைக்குச் சமம், நூறு சாய்வுகள் வர வேண்டும். மிக நெருக்கமாகவே வந்தது. பொறி நல்ல பொறிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை வைக்கச் சொல்லும் இடம்தான் தவறு.

நாள் கணக்கைப் பற்றியும் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். வானிலை ஆய்வுத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. மழையும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பதிவான ஏறத்தாழ 95 செ.மீ. மழையும் அப்படிக் கணக்கிடப்பட்டவையே. இந்தக் கருவி நள்ளிரவு 12 மணிக்குத் தன் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடும். கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை நள்ளிரவைத் தாண்டி விடிகாலை வரை வலுப்பது வழக்கம் என்பதால், ஒரே மழை இரண்டு நாட்களாகப் பிளந்து போகிறது. மணிவாரிப் பதிவைக் கணினிக்கு மாற்றி நானே கூட்டிக்கொள்கிறேன். நாள் மாறும் நேரத்தை மாற்றியமைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. வாங்குமுன் கேட்டுவிடுவது நல்லது.

மழையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்தக் கருவி தந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல முடியாது. நான் எதிர்பாராதது காற்றழுத்தக் கோடு. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை 10 மணியையும் இரவு 10 மணியையும் ஒட்டி உச்சம், மாலை 4 மணியையும் விடிகாலை 4 மணியையும் ஒட்டித் தாழ்வு. வளிமண்டலத்தைச் சூரியன் சூடாக்குவதால் எழும் இந்த அலையின் வீச்சு சுமார் 3 மில்லிபார்தான் என்றாலும், திரையில் அது ஒவ்வொரு நாளும் தவறாமல் வரைந்துகொண்டே போவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னைக்கு அருகே கடலில் நகர்ந்தபோது அந்த ஒழுங்கு குலைந்து, கோடு சரிந்துகொண்டே போனது. (திரையில் தோன்றும் வெயில், மேகம், மழைப் படங்களைப் பொருட்படுத்த வேண்டாம், அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து மழையை ஊகிக்கும் அந்த முறை குளிர்நாடுகளுக்கு உரியது, இங்கே பல நாட்களில் மாலைச் சரிவைக் கண்டே மழை என்று சொல்லிவிடும்.)

கடற்காற்றும் அப்படித்தான். மே மாத நண்பகலில், மேற்கே பார்த்துக்கொண்டிருந்த காற்றுத் திசைகாட்டி தடுமாறி, சில நிமிடங்களில் கிழக்கே திரும்பிவிடும். ஈரப்பதம் ஏறும், 40 டிகிரியை நெருங்கிய வெப்பநிலை இறங்கத் தொடங்கும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளைவிடத் தாம்பரம் பக்கம் அது தாமதமாகவே வரும் என்பதைக் கேள்விப்பட்டிருந்தோம். அதை நம் வீட்டுப் பதிவிலேயே பார்ப்பது தனி நிறைவு. வெப்பநிலை கான்கிரீட் தளத்தின் சூட்டால் மாலையில் சற்றுக் கூடுதலாகவே காட்டும். வைஃபை இணைப்பும் சூரிய மின்தகடும் தொல்லை தந்ததில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. தள்ளுபடி போனாலும் பரவாயில்லை; மழைமானி தனியாகவும், காற்றுமானி தனியாகவும், வெப்பமானி தனியாகவும் வரும் மாடலுக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் சேமிக்கலாம். அதில் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம்; மழைமானியைச் சுவர், மரங்களின் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தள்ளித் தரையோரம் வைக்கலாம். அதுவரை, பக்கங்கள் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைத் திறந்த இடத்தில் வைத்து, காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளந்து எழுதி வந்தால் போதும். அதில் நிற்கும் நீரின் ஆழம் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மி.மீ. மழை. இந்த ஆண்டு அக்டோபரிலிருந்து அவருடைய கணக்கையும் என் தோட்டத்துக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. மாடியில் இருப்பதன் கணக்கை அதோடு சேர்க்கப்போவதில்லை.