குனிந்து தூக்குவதா, குந்தித் தூக்குவதா?
நீலகிரியில் உள்ள கேத்தி பள்ளத்தாக்கின் கேரட் தோட்டங்களில் மூட்டை தூக்க இரண்டு வழி. முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிவது ஒன்று. வேலை சட்டென முடியும். ஆனால் மூட்டை உடம்பைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைத் தாங்க முதுகுத் தசை அவ்வளவு இழுக்க வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டுகளும் கூடுதலாக அழுந்தும். நாள் முழுக்க இப்படியே என்றால் ராத்திரி புரண்டு படுக்க முடியாது.

மற்றது, குந்தி, மூட்டையை வயிற்றோடு அணைத்து எழுவது. தூக்கும் வேலையில் தொடையும் பங்கெடுக்கும். நான் சொல்வது இதைத்தான். முழங்கால் வலி உள்ள அக்காமார் மட்டும் மூட்டையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளட்டும். அப்புறம், எப்படித் தூக்கினாலும் இடுப்பைத் திருகாதீர்கள். காலை நகர்த்தித் திரும்புங்கள்.