மண்ணுக்கும் மைக்கும் வேண்டிய நேரம்: குறுகிய காலக் கைவினை வகுப்புகளில் என் அனுபவம்

வேலையும் வீட்டுப் பொறுப்பும் உள்ள பெரியவர்களுக்கென்றே நடக்கும் குறுகிய காலக் கைவினை வகுப்புகளில் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து சேர்ந்து வருகிறேன். மண்பாண்டம், புத்தக பைண்டிங், லினோ அச்சு (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடுவது), வாட்டர்கலர் ஆகியவற்றைக் கற்றிருக்கிறேன். ஒருநாள் வகுப்பு, வார இறுதி வகுப்பு, வாரம் ஒரு மாலை நடப்பது, தொடர்ந்து ஒரு வாரம் நடப்பது என்று எல்லா விதத்திலும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. சேரலாமா என்று கேட்பவர்களிடம் தாராளமாகச் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் கூடவே ஒன்றையும் சொல்கிறேன். எந்த வகுப்பு என்று தேர்ந்தெடுக்கும் முன், அந்தக் கலையின் பொருளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பாருங்கள். மண் காய, பசை இறுக, மை உலர அதனதற்கு ஒரு நேரம் உண்டு. வகுப்பின் அட்டவணை அதோடு ஒத்துப்போனால் நிறையக் கற்கலாம். ஒத்துப்போகாவிட்டால், நல்ல ஆசிரியரே அமைந்தாலும் பாதிதான் கைக்கு வரும்.

மண்பாண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் எழுப்பிய கிண்ணம் அன்றைக்கே முடிந்துவிடுவதில்லை. மெதுவாக உலர்ந்து, தோல் போலக் கெட்டியாகி ஆனாலும் ஈரம் மிச்சமிருக்கும் தோல் பதத்துக்கு வந்த பிறகுதான் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைச் சீவ முடியும், கைப்பிடி ஒட்ட முடியும். பிறகு அது முழுதாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால், சூளையில் சூடு 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது உள்ளே நீராவி திரண்டு பாத்திரம் வெடித்துவிடும். முதல் சுடல் ஏறத்தாழ 1000 டிகிரியில் நடக்கும். அதன்பின் கிளேஸ் (சுட்டால் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு) பூசி மறுபடியும் சுட வேண்டும். ஸ்டோன்வேர் எனும், அதிகச் சூட்டில் இறுகும் மண் என்றால் 1200 டிகிரிக்கு மேலே போகும். சூளையை அவசரப்படுத்தவும் முடியாது. 573 டிகிரி வாக்கில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகத்தின் அமைப்பு மாறி, அதன் பருமனும் சட்டென்று மாறுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்தால் விரிசல் விழும். இத்தனையும் ஒரு சனி ஞாயிறில் எப்படி அடங்கும்?

வார இறுதி வகுப்புகளில் பொதுவாக என்ன நடக்கிறதென்றால், நீங்கள் கிண்ணத்தை எழுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். சீவுவது, கிளேஸ் பூசுவது, சுடுவது எல்லாவற்றையும் பட்டறைக்காரர்களே செய்து, சில வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கையில் அழகான பாத்திரம் இருக்கும். நடுவில் நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் போன ஒருநாள் வகுப்பு ஒன்றில், ஒவ்வொருவரின் மண்ணும் கோணும்போதெல்லாம் ஆசிரியரே கை வைத்து நிமிர்த்தி முடித்துக் கொடுத்தார். அவர் அன்பாகத்தான் செய்தார். ஆனால் வெளியே வந்தபோது எங்கள் யாருக்கும் மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தத் தெரியவில்லை.

வாரம் ஒருமுறை, எட்டு வாரம் என்று நடக்கும் வகுப்பு முற்றிலும் வேறு. போன வாரம் எழுப்பியது இந்த வாரம் சீவும் பதத்தில் காத்திருக்கும். அதற்கு முந்தையது முதல் சுடல் முடிந்து வெளிறிப்போய் அலமாரியில் இருக்கும். ஒரே மாலையில் மூன்று கட்டங்களைக் கையால் தொடலாம். மண் சுருங்கும் என்பதும் அங்கேதான் உறைத்தது. ஈரமாக இருந்த அளவுக்கும் சுட்டு முடித்த அளவுக்கும் இடையே, மண்ணின் வகையைப் பொறுத்து, பத்து சதவீதம் வாக்கில் வித்தியாசம் வரும். எழுப்பியபோது கை நிறைய இருந்த குவளை, சூளையிலிருந்து வந்ததும் சற்றுச் சிறுத்திருப்பதைப் பார்த்தவர்கள் அடுத்த குவளையைத் தானாகவே பெரிதாகச் செய்கிறார்கள். இதை யாரும் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இடைவெளியால் கைக்கும் நன்மைதான். ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நாட்களைப் பரப்பிப் படிப்பது மனதில் நிற்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் தன் மீதே நடத்திய சோதனைகளிலிருந்து எழுதினார். அவர் சோதித்தது பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வதை. சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்த எனக்கு அது கைக்கும் பொருந்துவதாகவே படுகிறது. ஒரு வாரம் என்ன செய்தும் ஓடிக்கொண்டே இருந்த மண், அடுத்த வாரம் முழங்கையைத் தொடையில் ஊன்றியதும் சட்டென்று அசையாமல் நின்றது. இடையில் நான் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை.

இன்னொன்று: வகுப்பில் சேரும் முன் பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள், முக்கியமாகத் தரையை. காய்ந்த மண்தூளில் சிலிக்கா இருக்கிறது. அதைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலுக்குக் கெடுதல். அக்கறையுள்ள பட்டறையில் துடைப்பத்தால் பெருக்க மாட்டார்கள், ஈரத்துணியாலோ ஸ்பாஞ்சாலோதான் துடைப்பார்கள். மண் தெறிப்பு சகஜம். ஆனால் வெள்ளைத் தூள் படிந்த மேசைகள் நிறைந்த இடத்தில் நான் சேர்வதில்லை.

பைண்டிங் மண்பாண்டத்துக்கு நேர் எதிர். வார இறுதி வகுப்புக்கென்றே பிறந்த கலை என்று சொல்வேன். முதல் நாள் தாளை மடித்து, ஃபாரம் (மடித்த தாள்களின் கட்டு) சேர்த்து, துளையிட்டு, மெழுகு தடவிய லினன் நூலால் தைத்து, முதுகில் பசை தடவிப் பளுவின் கீழ் வைத்துவிட்டுப் போகலாம். இரவு முழுக்க அது இறுகும். மறுநாள் அட்டை வெட்டி, துணி ஒட்டி, உள்தாள் (அட்டையையும் புத்தகத்தையும் இணைக்கும் தாள்) ஒட்டி முடிக்கலாம். பொருளுக்கு வேண்டிய நேரமும் நமக்கு வேண்டிய தூக்கமும் ஒரே இரவில் கழிந்துவிடுகின்றன. தவிர, இதை வீட்டு மேசையிலேயே தொடரலாம்: ஒரு ஊசி, துளையிட ஒரு தமரூசி, கத்தி, இரும்பு அளவுகோல், மடிப்பை அழுத்த எலும்பால் செய்த பட்டைக் கருவி ஒன்று, போதும். நான் கற்றவற்றில் வகுப்பு முடிந்த பிறகும் இடைவிடாமல் நீடித்தது இதுதான்.

அந்த வகுப்பில் கிடைத்த மிகப் பெரிய பாடம் தாளின் இழை ஓடும் திசை. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். தாளை மெல்ல வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கமாக எளிதில் வளையும், மறுபக்கமாக எதிர்க்கும். ஈரம் பட்டால் தாள் இழைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும். ஆகவே தாள், அட்டை, உள்தாள் எல்லாவற்றின் இழையும் புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். இல்லையென்றால் பசை காயும்போது அட்டை முறுக்கிக்கொள்ளும். இதை ஆசிரியர் வாயால் விளக்கவில்லை. இரண்டு துண்டு அட்டைகளில் இரு விதமாகத் தாள் ஒட்டிக் காயவைத்து, மறுநாள் காலையில் எங்கள் முன்னால் வைத்தார். ஒன்று மட்டமாகக் கிடந்தது, மற்றது வில்லாக வளைந்திருந்தது. அந்த இரண்டு துண்டுகளுக்காகவே அந்த வகுப்புக்குக் கட்டிய பணம் தகும்.

லினோ அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆளி விதை எண்ணெய், தக்கைத் தூள் முதலியவற்றால் செய்த லினோலியத்தைக் கொஞ்சம் சூடாக்கினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கத்தி போகும் திசையில் மற்றக் கை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் முதல் நாள் பாடம். ஒரு நிற அச்சு என்றால் ஒரே நாள் வகுப்பு போதும். ஒரே கட்டையைச் செதுக்கிச் செதுக்கிப் பல நிறம் அச்சிடும் முறை வேண்டுமானால், இரண்டு வார இறுதிகளாகப் பிரித்து நடத்தும் இடத்தைத் தேடுங்கள். எண்ணெய் மை உலர நாட்கணக்கு ஆகும், ஈர மையின் மேல் அடுத்த நிறம் சரியாக அமராது. ஒவ்வொரு நிறத்துக்கும் கட்டையை மேலும் வெட்டிக்கொண்டே போவதால் முந்தைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே எத்தனை பிரதி வேண்டும் என்பதை முதல் நிறத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். பிரான்ஸின் தெற்கில் வாழ்ந்த காலத்தில் ஓவியர் பிக்காசோவும் இந்த முறையில் அச்சிட்டிருக்கிறார். அந்த அச்சுகளைப் பார்க்கும்போது எந்த நிறத்தை முதலில் வைத்தார் என்று கண் தானாகத் தேடுகிறது. வகுப்புக்குப் போகும் முன் அப்படிப் பார்த்ததே இல்லை.

வாட்டர்கலரில் கணக்கு நிமிடங்களில் ஓடுகிறது. ஈரத் தாளின் மேல் பளபளப்பு இருக்கும்போது தொட்டால் நிறம் பரவும். பளபளப்பு மங்கும் அந்தச் சிறு நேரத்தில் தொட்டால் ஓரம் மென்மையாக நிற்கும். அதற்கும் பிந்திச் சொட்டுத் தண்ணீர் விழுந்தால், பூக்கோஸ் இலை விளிம்பு மாதிரி ஒரு கறை விரியும். காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதையும் மனம் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். இதையெல்லாம் பார்த்துக் கற்க முடியாது. தினம் கொஞ்சம் என்று கை பழக வேண்டும். அதனால் வாரம் ஒருமுறை வகுப்பும், இடையில் வீட்டில் பயிற்சியும்தான் இதற்குச் சரி. ஐந்து நாள் தொடர் வகுப்பில் உற்சாகமாக இருந்தது. முடிந்த சில வாரத்திலேயே கை பழையபடி ஆகிவிட்டது.

பொருள் வாங்குவதைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், பலரும் தலைகீழாகச் செலவு செய்கிறார்கள். நிறப்பெட்டியில் சேமித்துத் தாளில் செலவழியுங்கள். பருத்தியால் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள் தண்ணீரைத் தாங்கி, நிதானமாக உலர்ந்து உங்களுக்கு நேரம் தரும். மலிவான மரக்கூழ்த் தாளில் நிறம் உடனே இறங்கி, தவறு உங்கள் கையில்தான் என்று நினைக்கவைக்கும். ஆறேழு நிறம் போதும். டியூபின் மேல் கடையின் கவர்ச்சிப் பெயரை விட்டுவிட்டு, நிறமியின் குறியீட்டைப் படியுங்கள். அல்ட்ராமரின் நீலம் பிபி 29 (PB 29) என்றிருக்கும். பிஆர் 83 (PR 83) என்றிருந்தால் அது அலிசரின் கிரிம்சன். வெளிச்சத்தில் மங்கக்கூடியது, சுவரில் மாட்ட நினைக்கும் படத்தில் வேண்டாம்.

வகுப்பின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிந்தது மாலை முடிவில். எல்லாருடைய படத்தையும் ஒரே சுவரில் ஒட்டி, ஆசிரியர் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பேசுவார். 'இந்த நிழல் ஏன் நீலமாக இருக்கிறது?' என்று அவர் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்ட கேள்விக்கான பதில் என் படத்துக்கும் தேவைப்பட்டது. காணொளிகளில் இது கிடைப்பதில்லை. பைண்டிங்கும் லினோவும் பதிவு செய்த பாடங்களைப் பார்த்தே ஓரளவு கற்கலாம். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், தையல் வரிசை மாறாது. சக்கரத்தை மட்டும் யாராவது பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டித்தான் ஆக வேண்டும்.

வளர்ந்தவர்கள் தேர்வும் சான்றிதழும் இல்லாமல் கற்பது புதிதில்லை. டென்மார்க்கில் மதகுருவும் சிந்தனையாளருமான குருண்ட்விக்கின் சிந்தனையை ஒட்டி 1844இல் ரோடிங் என்ற ஊரில், வளர்ந்தவர்களுக்கான முதல் மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. 1854இல் லண்டனில் தொழிலாளர்களுக்கென்று தொடங்கிய கல்லூரியில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் ஓவியம் கற்பித்தார். அவர்களை ஓவியர்களாக ஆக்குவது அவர் நோக்கமல்ல, நன்றாகப் பார்க்கப் பழக்குவதுதான். சான்றிதழ் தருகிறோம் என்பதையே முதல் வரியில் விளம்பரம் செய்யும் வகுப்புகளை நான் தவிர்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

பணம் கட்டும் முன் நான் கேட்பவை சில. சூளைக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? ஒரு சக்கரத்துக்கு எத்தனை பேர்? ஒரு மாலையில் ஆசிரியர் செய்துகாட்டும் நேரம் எவ்வளவு, நாங்கள் செய்யும் நேரம் எவ்வளவு? எல்லாவற்றையும்விட முக்கியமானது, வகுப்பு முடிந்த பிறகு பட்டறையைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தவிடுவார்களா என்பது. சக்கரமும் சூளையும் அச்சு இயந்திரமும் வீட்டில் எளிதில் வைத்துக்கொள்ளக்கூடியவை அல்ல. அந்த வசதி இல்லாத இடத்தில் கற்றது வகுப்போடு நின்றுவிடும். அது இருந்தால், அடுத்த நிலை வகுப்புக்கு ஓடாமல், தொடக்க நிலை வகுப்பையே இன்னொரு முறை எடுங்கள். முதல் முறை சொற்களைக் கேட்டீர்கள். இரண்டாம் முறை அதே சொற்கள் கையில் அர்த்தமாகும். சில பட்டறைகள் பழைய மாணவர்களுக்கு இதில் சலுகையும் தருகின்றன.

அடுத்து தறியில் உட்காரப் போகிறேன். இரண்டு நாள் வகுப்பு ஒன்றை விசாரித்தேன். பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) ஏற்கனவே கட்டிய தறிகளைத் தந்துவிடுவோம், நீங்கள் உடனே நெய்யலாம் என்றார்கள். பாவு நூலை அளந்து, ஒவ்வொரு இழையையும், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதில் கோத்து, சம இழுப்பில் சுற்றுவதுதான் நெசவில் நேரத்தையும் பொறுமையையும் விழுங்கும் வேலை. அது தெரியாதவருக்கு வீட்டில் ஒரு சின்னத் தறி இருந்தும் பயனில்லை. இன்னொரு இடத்தில் ஐந்து நாள், முதல் இரண்டு நாளும் பாவு கட்டுவது மட்டுமே என்றார்கள். அதில்தான் சேர்ந்திருக்கிறேன்.