வளரிளம் பையன்களுக்கான பாலியல் கல்வி: எந்த முறை, எந்த அளவுகோல்?

பள்ளியில் நடத்தப்படும் பாலியல் கல்வித் திட்டம் பலன் தந்ததா என்ற கேள்விக்கு, பெரும்பாலான மதிப்பீடுகள் மாணவர் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே விடையைத் தந்துவிடுகின்றன. பையன்களைத் தனியே பிரித்துப் பார்த்தால் அந்த விடை பல சமயங்களில் மாறிவிடுகிறது. இன்று பரவலாக உள்ள முறைகளை அந்தக் கோணத்திலிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

திருமணம் வரை உடலுறவிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதை மட்டுமே போதிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க அரசின் நிதியுதவியில் நடந்த அத்தகைய நான்கு திட்டங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான அறிக்கையில், திட்டத்தில் சேர்ந்தவர்களிலும் சேராதவர்களிலும் உடலுறவைத் தவிர்த்திருந்தோர் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். முதல் உறவின் சராசரி வயதிலும் வேறுபாடு இல்லை. பதின்மூன்று வயதுப் பையனுக்குக் காத்திரு என்று சொல்வது நல்ல அறிவுரையே. ஆனால், அது மட்டுமே முழுப் பாடமாகிவிடக் கூடாது.

உடல், உறவு, கருத்தடை, சம்மதம் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் விரிவான கல்வியே மேலானது என்று ஏற்றுக்கொண்டால், அடுத்து எழும் கேள்வி அதை யார் கற்பிப்பது என்பதாகும். சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நடத்திய 'ஷேர்' திட்டத்தை ஸ்காட்லாந்தின் 25 பள்ளிகளைக் கொண்டு சோதித்த ஆய்வின் முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. மாணவர்களின் அறிவு கூடியது. நடத்தையில் மாற்றம் தென்படவில்லை. இங்கிலாந்தின் 27 பள்ளிகளில் நடந்த 'ரிப்பிள்' ஆய்வில் 16, 17 வயது மாணவர்கள் 13, 14 வயதினருக்குப் பாடம் நடத்தினார்கள். 2004-இல் வெளியான அதன் முடிவின்படி, 16 வயதுக்குள் உடலுறவு கொண்டதாகச் சொன்ன பெண்களின் விகிதம் சக மாணவர் கற்பித்த பள்ளிகளில் குறைவாக இருந்தது. பையன்களிடம் அத்தகைய குறைவு இல்லை. இரு தரப்பையும் சேர்த்து மட்டும் கணக்கிட்டிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

சக மாணவர்களிடம் பேச்சு இயல்பாக வருகிறது என்பது உண்மை. ஆனால், பையன்கள் பெயர் எழுதாமல் பெட்டியில் போடும் சீட்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடல் பலவீனமாகுமா என்று ஒருவன் கேட்பான். விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் என்ன செய்வது என்று இன்னொருவன் கேட்பான். முதல் கேள்விக்கு அச்சத்தைப் போக்கும் தெளிவான விடை வேண்டும். இரண்டாவது கேள்வியில் வரும் வலிக்குக் காரணம், விரை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபடுவதாக இருக்கலாம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரையையே இழக்க நேரிடலாம் என்பதால், உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். இதைப் பயிற்சி பெற்ற பெரியவர் சொல்வதே பாதுகாப்பானது. ஆகவே பாடத்தை ஆசிரியரிடமும் கலந்துரையாடலைச் சக மாணவர்களிடமும் ஒப்படைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

யார் கற்பிக்கிறார் என்பதைவிட எது கற்பிக்கப்படுகிறது என்பதே அதிக வேறுபாட்டை உண்டாக்குகிறது. 22 திட்டங்களை அலசி 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆண் பெண் ஏற்றத்தாழ்வையும் உறவில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதையும் நேரடியாகப் பேசிய பத்துத் திட்டங்களில் எட்டு, பால்வினை நோய் அல்லது திட்டமிடாத கர்ப்பத்தைக் குறைத்திருந்தன. அதைப் பேசாத பன்னிரண்டில் இரண்டு மட்டுமே குறைத்திருந்தன. கர்ப்பத்தைப் பெண்ணின் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல், 'உன் காதலி கருவுற்றிருந்தால் நீ என்ன செய்வாய்' என்று பையனையும் யோசிக்க வைக்கும் 'ஜாக்' திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. ஐக்கிய இராச்சியத்தின் 66 பள்ளிகளில் நடந்த அதன் சோதனை 2022-இல் வெளியானது. பாதுகாப்பற்ற உறவைத் தவிர்த்தவர்கள் திட்டம் நடந்த, நடக்காத இரு குழுக்களிலும் ஏறத்தாழ 86 விழுக்காடு என்பதால், முதன்மை அளவுகோலில் திட்டம் வெல்லவில்லை. ஆயினும், மாணவர்களின் அறிவும் மனப்பான்மையும் மேம்பட்டன. உறவில் ஈடுபட்டவர்களை மட்டும் பிற்பாடு பிரித்துப் பார்த்தபோது, நம்பகமான கருத்தடை முறையைப் பயன்படுத்தியோர் அதிகமாக இருந்தனர். பெரும்பாலோர் இன்னும் உறவையே தொடங்காத வயதில் அளந்துவிட்டு, பலனில்லை என்று முடிவு கட்டுவது அவசரம் என்பேன்.

விளையாட்டுப் பயிற்றுநர் வழியாகப் பையன்களிடம் பேசும் முறை இன்னொன்று. அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் அதைச் சோதித்தபோது, பெண்களைத் துன்புறுத்தும் நண்பனைத் தடுக்க முன்வருவது கூடியது. ஓராண்டுக்குப் பிறகு துன்புறுத்தலும் குறைந்திருந்தது. விளையாட்டில் சேராதவர்களை அது எட்டாது; கருத்தடையும் அதன் பாடமல்ல. எனவே வகுப்புக்குத் துணையாகவே அதைக் கொள்ள முடியும்.

அளவுகோலிலும் பெரிய குறை இருக்கிறது. ஷேர், ரிப்பிள் இரண்டுமே நெடுங்காலப் பலனை அறிய மருத்துவப் பதிவுகளை நாடின. அவற்றில் கருத்தரிப்பும் கருக்கலைப்பும் பெண்ணின் பெயரில்தான் பதிவாகின்றன. பையன்களைப் பொறுத்தவரை எஞ்சுவது பெரும்பாலும் அவர்களே வினாத்தாளில் சொன்ன பதில்தான். பெருமைக்காகக் கூட்டியும் பயத்தில் குறைத்தும் சொல்ல அவர்களுக்குக் காரணங்கள் உண்டு. ஆகையால் ஒரு பள்ளி தன் திட்டத்தை மதிப்பிடும்போது பையன்களின் முடிவுகளைத் தனிப் பட்டியலாகத் தர வேண்டும். ஆணுறை உறையின் காலாவதித் தேதியைப் பார்ப்பது, நுனியைக் காற்றில்லாமல் பிடித்துக்கொண்டு மாதிரியின் மீது அணிவிப்பது ஆகியவற்றைக் கேள்வியாகக் கேட்காமல் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். அதே மாணவர்களைப் பதினேழு, பதினெட்டு வயதில் மீண்டும் சந்திப்பதற்கான நிதியையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.